பூவாத்தாளின் எதிர்ப்புச் சக்தி

டாக்டர் தில்லைவாணன் சிஷ்யனாகப் போய் நின்றபோது அவருக்கு ஐம்பது வயது தாண்டியிருந்தது. குருவுக்கு நாற்பதுகூட ஆகவில்லை.

கோவைக்கு மேற்கே, பாலக்காட்டுக் கணவாய்க் காற்று ஜன்னல்களை அடித்துக்கொண்டே இருக்கும் ஒரு புற்றுநோய் மருத்துவமனை. அங்கே பெண்கள் அறுவைப் பிரிவுக்கு அவர்தான் தலைவர். சினைப்பையில் வரும் புற்றை வெட்டி எடுப்பதில் கைதேர்ந்தவர் என்று பேர். குரு, அதே கட்டடத்தின் கீழ்த்தளத்தில் திசு ஆய்வுக்கூடத்தை நடத்திக்கொண்டிருந்த டாக்டர் மெஹருன்னிசா.

மேலே வெட்டியதைக் கீழே அனுப்புவார்கள். அது என்ன, எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்று கீழேயிருந்து பதில் வரும். இத்தனை வருஷத்தில் தில்லைவாணன் அந்தப் படிகளில் இறங்கியதில்லை. எது வேண்டுமானாலும் போனில் கேட்டுக்கொள்வார்.

அன்று மத்தியானம் இறங்கினார்.

மெஹருன்னிசா மைக்ராஸ்கோப்பிலிருந்து தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு எழுந்து நின்றார்.

"சொல்லியிருந்தா நானே மேல வந்திருப்பேனே சார்."

"இல்ல மேடம். கத்துக்கலாம்னு வந்தேன்."

மெஹருன்னிசா சிரிக்கவில்லை. இன்னொரு ஸ்டூலை இழுத்துப் போட்டார்.

"என்ன கத்துக்கணும்?"

"சுத்தமா எடுத்துடறேன். கண்ணுக்குத் தெரிஞ்சது ஒண்ணும் விடறதில்ல. அப்புறம் மருந்தும் ஏத்தறோம். அதுக்கு மேலயும் திரும்ப வருது. உடம்புல எதிர்ப்புச் சக்தி இல்லாததாலதானே வருது?"

கேட்பதற்குக் கேள்வி மாதிரிதான் இருந்தது. ஆனால் 'ஆமாம்' என்று ஒரு வார்த்தையை வாங்கிக்கொண்டு போகத்தான் அவர் வந்திருந்தார்.

"யாருக்குத் திரும்ப வந்திருக்கு?"

"பூவாத்தாள்னு ஒரு அம்மா."

பெயரைச் சொல்லும்போது அவர் பார்வை மேஜைக்குப் போய்விட்டது.

பூவாத்தாள் அவிநாசிக்காரர். பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை. அவருக்கு ஆபரேஷன் முடிந்த அன்று, தலையில் போட்டிருந்த தொப்பியைக் கழற்றிக்கொண்டே வெளியே வந்த தில்லைவாணன், "ஒரு துளி விடல, எல்லாத்தையும் எடுத்தாச்சு" என்று சொன்னார். பூவாத்தாளின் கணவர் சென்னியப்பன் குனிந்து அவர் காலைத் தொட்டார். அவர் தடுக்கவில்லை.

ஒரு வருஷத்துக்கு மேல் நன்றாகத்தான் போயிற்று. பிறகு வயிறு உப்ப ஆரம்பித்தது. ஸ்கேனில் எல்லாம் தெரிந்தது. மறுபடி சேர்த்தார்கள்.

காலை ரவுண்ட்ஸில், பயிற்சி டாக்டர்கள் சுற்றி நிற்கும்போது, பூவாத்தாள் கேட்டார்.

"எல்லாம் எடுத்தாச்சுன்னு சொன்னீங்களே. அப்புறம் எப்படிங்க வந்துச்சு?"

குற்றம் சொல்கிற குரல் இல்லை அது. தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். ஆனால் மாணவர்கள் அத்தனை பேரும் திரும்பித் தில்லைவாணனின் முகத்தைப் பார்த்தார்கள். அவர் காது மடல் சூடானது.

"நான் எடுக்க வேண்டியதெல்லாம் எடுத்துட்டேன்மா. உங்க உடம்புலதான் எதிர்ப்புச் சக்தி இல்ல. அதுக்கு நான் என்ன செய்ய முடியும்?"

பூவாத்தாள் போர்வையின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு தலையைக் குனிந்துகொண்டார். தில்லைவாணன் வேறு மருந்து எழுதிக் கொடுத்துவிட்டு அடுத்த கட்டிலுக்கு நகர்ந்தார். அந்த மருந்தை ஒரே ஒரு தடவை ஏற்றிக்கொண்டு போன பூவாத்தாள் அப்புறம் வரவில்லை.

அன்றிலிருந்து தில்லைவாணனுக்குச் சோறு இறங்கவில்லை, தூக்கம் வரவில்லை என்றெல்லாம் சொல்ல முடியாது. நன்றாகவே சாப்பிட்டார், நன்றாகவே தூங்கினார். ஆனால் கை கழுவும்போதோ கார் ஓட்டும்போதோ அந்தக் குனிந்த தலை வந்து நிற்கும். தான் சொன்னது மெய்தான் என்று விஷயம் தெரிந்த ஒருவர் சொல்லிவிட்டால் போதும், அது போய்விடும் என்று நினைத்தார்.

இதில் எதையும் அவர் மெஹருன்னிசாவிடம் சொல்லவில்லை.

"அந்த அம்மாவோட திசு பத்திரமா இருக்கு சார். நாளன்னிக்கு வாங்க" என்றார் மெஹருன்னிசா.

போனார். மெஹருன்னிசா மைக்ராஸ்கோப்பில் ஒரு கண்ணாடித் தகட்டை வைத்துவிட்டு நகர்ந்து உட்கார்ந்தார். தில்லைவாணன் குனிந்து பார்த்தார். குடலின்மேல் முன்றானை போலத் தொங்கும் கொழுப்புத் திரையிலிருந்து அவரே வெட்டி அனுப்பிய துண்டு. நீலத் தீவுகளாகப் புற்று. அந்தத் தீவுகளைச் சுற்றியும், ஊடே புகுந்தும், பார்த்த இடமெல்லாம் பழுப்பு நிறத்தில் பெரிய பெரிய செல்கள்.

"அந்தப் பழுப்பு என்ன தெரியுதா சார்?"

"அதுவும் புற்றா? இவ்வளவு பரவியிருந்துச்சா?"

"இல்ல. அதெல்லாம் மேக்ரோபேஜ். கிருமி வந்தா விழுங்கறது, புண்ணு வந்தா ஆத்தறது. நம்ம ஆளுங்க."

தில்லைவாணன் கண்ணை எடுத்துவிட்டு மறுபடி வைத்துப் பார்த்தார்.

"இத்தனை பேரா?"

"எதிர்ப்புச் சக்தி இல்லன்னீங்களே."

தகட்டை மெல்ல நகர்த்தினார் மெஹருன்னிசா. ஓரத்தில் சிவப்பாகச் சின்னச் சின்னப் புள்ளிகள், கும்பலாக.

"இது டி செல். புற்றைக் கொல்லத் தெரிஞ்சது இதுதான். எங்க நிக்குது பாருங்க."

"வெளிய நிக்குது."

"ஏன்?"

"உள்ள போக முடியல போலிருக்கு."

"யார் விடல?"

தில்லைவாணனுக்குப் புரிந்தது. புற்றுக்கும் டி செல்லுக்கும் நடுவே பழுப்பு செல்கள் வேலி கட்டினாற்போல நின்றன.

"நம்ம ஆளே நம்ம ஆளை விடலையா?"

"விடறதில்ல. அதோட, புற்றுக்கு ரத்தக் குழாய் போட்டுக் குடுக்குது. வயித்துக்குள்ள அது நகர்ந்து போக வழியும் பண்ணிக் குடுக்குது."

"துரோகம்" என்றார் தில்லைவாணன். அவர் குரலில் கோபம் இருந்தது. கொஞ்சம் நிம்மதியும் இருந்தது. சக்தி இல்லை என்று சொன்னது தப்பாகப் போனாலும், பழி இன்னும் பூவாத்தாளின் உடம்பிலேயேதான் இருக்கிறது. "அது ஏன் மேடம் எதிரி பக்கம் போய் நிக்குது?"

மெஹருன்னிசா விளக்கை அணைத்தார்.

"பேப்பர் நிறைய இருக்கு, குடுக்கறேன் படிங்க. ஆனா அதுக்கு முன்னாடி ஒண்ணு. அந்த அம்மா வயித்துல தண்ணி கட்டியிருக்கும்ல?"

"கட்டியிருக்கும்."

"அவங்க அடுத்து வரும்போது அந்தத் தண்ணிய எடுத்துட்டு வாங்க."

"ஜூனியர்கிட்ட சொல்லிடறேன்."

"நீங்க எடுங்க சார்."

"அது ஒரு சின்ன வேலை மேடம். பக்கத்துல உக்காந்துட்டே இருக்கணும், நேரம் ஆகும்."

"ஆமா, நேரம் ஆகும்" என்றார் மெஹருன்னிசா.

பூவாத்தாள் தானாக வரவில்லை. மூச்சு விட முடியாமல் போனபோது சென்னியப்பன் ஒரு வேனைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு வந்தார். கைகால் மெலிந்து, வயிறு மட்டும் குடமாக இருந்தது. தில்லைவாணன் வார்டுக்குள் நுழைந்ததும் அந்த அம்மா எழுந்து உட்காரப் பார்த்தார்.

"படுங்க, படுங்க."

"நீங்களே வந்துட்டீங்களா?"

ஊசியைச் செருகி, குழாயை மாட்டி, கீழே பாட்டிலை வைத்தார். கலங்கிய மஞ்சள் நிறத்தில் தண்ணீர் சன்னமாக இறங்கத் தொடங்கியது. வேகமாக எடுத்தால் மயக்கம் வரும். குழாய் நகராமல் பிடித்துக்கொண்டு அவர் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார். எதிரே இருந்த பெஞ்சில் சென்னியப்பன். கதவோரம் ஒரு நர்ஸ்.

கொஞ்சம் கொஞ்சமாகப் பூவாத்தாளின் மூச்சு சீரானது.

"ஏம்மா மருந்து போட்டுக்க வரல?" என்று கேட்டார். "ஒரு தடவையோட நிறுத்திட்டீங்க."

"வரோணும்னுதானுங்க இருந்தேன். மருந்து போட்டா இருக்கற சக்தியும் போயிரும்னு எங்க நங்கையா சொன்னாங்க. இவரோட அக்கா. அதான் மொதல்ல சக்திய ஏத்திக்கிட்டு வந்து போட்டுக்கலாம்னு."

"என்ன சக்தி?"

"எதிர்ப்புச் சக்திங்க. நெல்லிக்காப் பொடி, கருஞ்சீரகம், சீந்தில் கொடி, கேட்டதெல்லாம் வாங்கிச் சாப்பிட்டேனுங்க. சென்னிமலைல ஒருத்தர் லேகியம் குடுத்தாரு."

தில்லைவாணனுக்குச் சுர்ரென்று ஏறியது. இத்தனை வாரம். மருந்து கேட்கும் நிலையில் இருந்த புற்று.

"எவன்மா உங்களுக்கு எதிர்ப்புச் சக்தி இல்லன்னு சொன்னது?"

பூவாத்தாள் அவர் முகத்தைப் பார்த்தார். பிறகு சென்னியப்பனைப் பார்த்தார். பெரியவர்கள் மறந்துபோனதை நினைவுபடுத்தச் சங்கடப்படுகிறவரைப் போல மெதுவாகச் சொன்னார்.

"நீங்கதானுங்க."

குழாயில் தண்ணீர் இறங்கிக்கொண்டே இருந்தது. நர்ஸ் எதையோ எடுப்பதுபோலத் திரும்பிக்கொண்டார்.

"நானும் எவ்வளவோ சொன்னேனுங்க" என்றார் சென்னியப்பன். "நேரத்துக்குச் சாப்பிடு, ஷிப்ட்டு ஷிப்ட்டுனு ஓடாதேன்னு. கேட்டாத்தானே? டாக்டர் அவ்வளவு பெரிய ஆபரேஷன் பண்ணி உசுரக் குடுத்தாரு, காப்பாத்திக்கத் தெரியலையே உனக்குன்னு தெனமும் திட்டுவேன்."

"நெசந்தானுங்க" என்றார் பூவாத்தாள். அவர் கண் நிறைந்துவிட்டது. "உங்க ஆபரேஷன நாந்தான் வீணாக்கிட்டேன். நீங்க மனசுல ஒண்ணும் வெச்சுக்காதீங்க. மன்னிச்சுக்கோங்க."

தில்லைவாணனின் கை குழாயைப் பிடித்தபடி இருந்தது. எழுந்து போக முடியாது. பாட்டில் பாதிகூட நிரம்பவில்லை.

சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தார். நர்ஸ் இருந்தார். சென்னியப்பன் இருந்தார். பக்கத்துக் கட்டிலில் இருந்தவர்கள் காதைக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள்.

"சரிம்மா. பாத்துக்கலாம்" என்றார்.

அவ்வளவுதான் வந்தது. மீதி நேரம் முழுக்க அவர் அந்தத் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார். தான் போட்ட தையலின் தழும்பு அந்த வயிற்றில் நேர்கோடாக இறங்கியிருந்தது. அழகான தையல். அதைப் பார்க்கவும் கூசியது.

பாட்டிலைக் கீழே கொண்டுபோய்க் கொடுத்தபோது மெஹருன்னிசா அவர் முகத்தைப் பார்த்தார். பாட்டிலை வாங்கி மேஜைமேல் வைத்தார்.

அடுத்த சில நாட்கள் மத்தியான வேளையில் தில்லைவாணன் கீழேதான் இருந்தார். மெஹருன்னிசா அந்தத் தண்ணீரைச் சுழற்றிச் செல்களைப் பிரித்தார். புற்றுச் செல்கள் தனி, டி செல்கள் தனி. எடுத்த டி செல்களை இரண்டாகப் பங்கிட்டார். ஒரு பங்கை, பூவாத்தாளின் வயிற்றிலிருந்து வந்த அதே தண்ணீரை வடிகட்டி அதில் விட்டார். இன்னொரு பங்கைக் கழுவி, செல் வளர்க்கும் சுத்தமான திரவத்தில் விட்டார். இரண்டையும் கொஞ்ச காலம் விட்டுவைத்து, பிறகு இரண்டிலும் அந்த அம்மாவின் புற்றுச் செல்களைச் சேர்த்தார்.

"பாருங்க சார்" என்றார் ஒருநாள்.

முதல் தட்டில் புற்றுச் செல்கள் ஒட்டிப் படர்ந்து கொழுகொழுவென்று இருந்தன. டி செல்கள் ஆளுக்கொரு மூலையில் கிடந்தன. பக்கத்தில் எதிரி இருப்பதே தெரியாததுபோல.

இரண்டாவது தட்டில் அவை சேர்ந்து திரண்டிருந்தன. சில புற்றுச் செல்களைச் சூழ்ந்துகொண்டிருந்தன. சூழப்பட்டவற்றில் சில சுருங்கி, வெடித்துப்போயிருந்தன.

"எல்லாம் முழிக்கல" என்றார் மெஹருன்னிசா. "பாதிகூட இல்ல. இது வைத்தியமும் இல்ல. நீங்க கேட்டதுக்காகப் பண்ணேன்."

"அதே செல்தானே ரெண்டுலயும்?"

"அதே அம்மாவோடது. ஒரே பாட்டில்ல வந்தது."

"அப்போ சக்தி இருக்கு."

"இருக்கு. அந்தத் தண்ணி அதை எழுந்திருக்க விடல. அந்தத் தண்ணிக்குள்ள புற்று பேசறது இருக்கு, மேக்ரோபேஜ் பேசறது இருக்கு. அடங்கு, அடங்குன்னு சொல்லிக்கிட்டே இருக்கும்."

தில்லைவாணன் ஸ்டூலில் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"அந்த மேக்ரோபேஜ் ஏன் மேடம் அப்படிப் பண்ணுது? அன்னிக்குக் கேட்டேன். நீங்க சொல்லல."

"புற்று அதைக் கூப்பிடுது சார். புண்ணு பட்ட சதை எப்படிக் கூப்பிடுமோ அப்படியே கூப்பிடுது. இது ஓடி வருது. புண்ணுக்கு என்ன செய்யணும்? ரத்தம் வரணும், குழாய் போடுது. புதுச் சதை வளரணும், வளர உதவுது. ஆறும்போது அங்க சண்டை கூடாது, அதனால சண்டைக்காரங்களை வெளிய நிறுத்துது. அது கத்துக்கிட்ட வேலைய ஒழுங்காத்தான் செய்யுது. வந்த நாள்ல இருந்து அந்த இடத்துலயே ஊறிப்போய், வேற வேலை இருக்குங்கறதே அதுக்கு மறந்துடுது."

"அப்போ துரோகம் இல்ல."

"கெட்ட எண்ணம்னு ஒண்ணும் அதுக்குக் கிடையாது."

தில்லைவாணன் வெகுநேரம் இரண்டு தட்டுகளையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"கெட்ட எண்ணம் இல்லன்னா தப்பு இல்லைன்னு ஆயிடுமா மேடம்?"

"யாருக்கு வலிக்குதோ அவங்களைத்தான் கேக்கணும்."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மறுபடி போட்டுக்கொள்ளவில்லை.

"நான் அந்த அம்மாகிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டேன். ரவுண்ட்ஸ்ல, பசங்க முன்னாடி…"

"சார்."

அவர் நிறுத்தினார்.

"அதை என்கிட்ட ஏன் சொல்றீங்க? என் வயித்துல தண்ணி இல்லையே."

மெஹருன்னிசா தட்டுகளை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். போகும்போது கோபமாகப் போனதாகவும் தெரியவில்லை.

தில்லைவாணன் படியேறினார். வார்டு வாசல்வரை போய், உள்ளே சென்னியப்பனின் அக்கா உட்கார்ந்திருப்பதைப் பார்த்ததும் திரும்பிவிட்டார். உறவுக்காரர்கள் போகட்டும் என்று கேன்டீனில் ஒரு டீ குடித்தார். குடித்துவிட்டு வந்தபோது நர்ஸ்கள் மருந்து கொடுத்துக்கொண்டிருந்தார்கள். அது முடியட்டும் என்று தன் அறைக்குப் போய் உட்கார்ந்தார். ஒரு பெரிய டாக்டர் ஒரு பனியன் கம்பெனி அம்மாவைத் தனியாகப் பார்க்க நேரம் தேடிக்கொண்டிருப்பது அவருக்கே தெரிந்தது. அன்று பேசும்போது தனிமை தேடவில்லை. ஊரையே கூட்டி வைத்துக்கொண்டு சொன்னார்.

மறுநாள் ரவுண்ட்ஸில், அதே மாணவர்கள் சூழ்ந்து நிற்க, அவர் பூவாத்தாளின் கட்டிலருகே போனார். கேஸைப் பற்றிச் சொல்லத் தொடங்கிய பயிற்சி டாக்டரைக் கையமர்த்தினார். ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். சென்னியப்பன் எழுந்து நின்றார். அவர் அக்காவும் எழுந்தார்.

"உக்காருங்க. ஒண்ணு சொல்லணும்."

யாரும் உட்காரவில்லை.

"அன்னிக்கு இதே இடத்துல உங்க உடம்புல எதிர்ப்புச் சக்தி இல்லன்னு சொன்னேன். அது பொய்மா."

பூவாத்தாளுக்குப் புரியவில்லை.

"பொய்ங்களா?"

"உங்க உடம்புல சக்தி இருக்கு. பரிசோதனை பண்ணி என் கண்ணால பாத்தேன். அந்தக் கட்டி உங்க உடம்போட காவலை ஏமாத்தித் தன் பக்கம் வேலை வாங்கிக்குது. கொல்லத் தெரிஞ்ச செல்லை மயக்கிப் போட்டுடுது. இந்த நோயோட குணம் அது. நீங்க எதுவும் செஞ்சு வந்ததில்ல."

"நேரத்துக்குச் சாப்பிடாததுனால இல்லைங்களா?"

"இல்ல."

"எங்க அம்மா செத்தப்ப ஒரு மாசமா சோறுதண்ணி இல்லாம அழுதுட்டே கெடந்தேனுங்க. அதனால?"

"அதனாலயும் இல்லம்மா."

"ராத்திரி ஷிப்ட்டு?"

"இல்ல."

பூவாத்தாள் புடவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டார். தோள் குலுங்கியது. சென்னியப்பன் அவர் பக்கம் ஒரு அடி வந்தார். பிறகு அங்கேயே நின்றுவிட்டார். தினமும் திட்டிய வாய் அவருடையது.

"ஆபரேஷன்ல கண்ணுக்குத் தெரியாத துகள் எப்பவும் மிஞ்சும்" என்றார் தில்லைவாணன். "அது எனக்குத் தெரியும். தெரிஞ்சேதான் ஒரு துளி விடலன்னு உங்க வீட்டுக்காரர்கிட்ட பெருமையாச் சொன்னேன். திரும்ப வந்ததும் எல்லார் முன்னாடியும் எனக்கு அவமானமாப் போச்சு. அதான் உங்க மேல போட்டேன்."

மாணவர்களில் ஒரு பெண் தரையைப் பார்த்துக்கொண்டாள்.

பூவாத்தாள் கண்ணைத் துடைத்தார். நிமிர்ந்தார். இத்தனை நாளும் அவரைப் பார்க்கும்போதெல்லாம் அந்த முகத்தில் இருந்த பணிவு இப்போது இல்லை.

"உங்க வெக்கத்துக்கு எம்பட உடம்பச் சொன்னீங்களாக்கும்."

"ஆமா."

"நாம் பொடி தின்னுட்டுக் கெடந்த நாளெல்லாம் போனது போனதுதானுங்களே?"

தில்லைவாணன் பதில் சொல்லவேண்டியிருந்தது.

"போனதுதான்மா. ஆனா மருந்து இன்னும் கேக்கும். எவ்வளவு கேக்கும்னு எனக்குத் தெரியாது. தெரியும்னு இனி சொல்ல மாட்டேன்."

"போட்டுக்கறேன்" என்றார் பூவாத்தாள். "இன்னைக்கே போடச் சொல்லுங்க. ஆனா நீங்க வேண்டாம். வேற டாக்டர் பாக்கட்டும்."

"பூவாத்தா" என்று சென்னியப்பனின் அக்கா அதட்டினார். "யாருகிட்ட என்ன பேசற?"

"அவர்கிட்டத்தான் பேசறேன் நங்கையா."

தில்லைவாணன் எழுந்தார். கைகூப்பவேண்டும் போலிருந்தது. அதையும் ஒரு காட்சியாக்க வேண்டாம் என்று விட்டுவிட்டார். பக்கத்துப் பிரிவு டாக்டர் இந்திராணியிடம் தானே போய்ப் பேசி, அன்று மாலைக்குள் ஏற்பாடு செய்துகொடுத்தார்.

அன்று மத்தியானம் டாக்டர்கள் சாப்பிடும் அறையில் அவர் நுழைந்தபோது பேச்சு நின்றது. அவர் தட்டை எடுத்துக்கொண்டு எல்லோருக்கும் நடுவே உட்கார்ந்து சாப்பிட்டார். ஒரு பருக்கையும் ருசிக்கவில்லை.

மருந்து கேட்டது. முழுதாக இல்லை. தண்ணீர் கட்டுவது குறைந்தது. பூவாத்தாள் படுக்கையிலிருந்து எழுந்து நடந்தார். தலைமுடி போயிற்று. மறுபடி கம்பெனிக்குப் போகப் பேச்சு நடப்பதாக நர்ஸ் சொன்னார். எத்தனை காலத்துக்கு என்று யாரும் அந்த அம்மாவிடம் வாக்குக் கொடுக்கவில்லை.

ஒருநாள் வராந்தாவில் எதிரெதிரே வந்தார்கள். சென்னியப்பன் கையில் சாப்பாட்டுக் கூடை இருந்தது. மனைவிக்கு முன்னால் நடந்து பழகிய மனிதர், ஒரு கையால் அவர் முழங்கையைத் தாங்கிக்கொண்டு கூடவே மெதுவாக வந்துகொண்டிருந்தார். தில்லைவாணன் ஒதுங்கி வழிவிட்டார். பூவாத்தாள் ஒரு தடவை தலையசைத்தார். தனக்கா, பின்னால் வந்த நர்ஸுக்கா என்று அவருக்குத் தெரியவில்லை. கேட்கவும் முடியாது.

அன்று மத்தியானம் அவர் கீழே இறங்கினார். மெஹருன்னிசா ஒரு புதுத் தகட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். வேறு யாரோ ஒரு அம்மாவின் வயிறு. தில்லைவாணன் பக்கத்தில் உட்கார்ந்து, தன் முறை வந்ததும் குனிந்து பார்த்தார். இங்கும் நீலத் தீவுகள். இங்கும் சுற்றிலும் பழுப்பு, நெருக்கமாக, ஒன்றுக்கொன்று தோள் கொடுத்துக்கொண்டு.

வெகுநேரம் பார்த்தார்.

"மேடம்."

"சொல்லுங்க சார்."

"தான் எந்தப் பக்கம் நின்னுக்கிட்டிருக்கோம்னு இதுக்கு ஒருநாள் தெரிய வருமா? தெரிஞ்சு, தானா இந்தப் பக்கம் திரும்பி வருமா?"

"தானா வராது."

"ஏன்?"

மெஹருன்னிசா தகட்டை எடுத்து விளக்குக்கு எதிரே பிடித்து, ஓரத்தில் ஒட்டியிருந்த தூசியைத் துணியால் துடைத்தார்.

"செல்லுக்கு வெக்கம் வராது சார். அதனாலதான் அதுக்கு மருந்து தேடிக்கிட்டிருக்கோம்."